செம்பை உரித்து ஒரு போர்டு

“சீனாவில் 2 டாலருக்கு 5 போர்டு அடிச்சுத் தர்றாங்க, நீ எதுக்குடா வீட்டில் உட்கார்ந்து செதுக்கிட்டு இருக்கே?” எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் கேட்கிற முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவுக்குள் இருந்தால், இரண்டு பக்கமும் செம்பு, துளைக்குள் முலாம், பச்சை மாஸ்க், வெள்ளை எழுத்து எல்லாம் சேர்த்து அந்த விலைக்கு விளம்பரம் ஓடுகிறது. கூரியருக்கு அதைவிடப் பல மடங்கு ஆகும், கஸ்டம்ஸ் தனி. அதையெல்லாம் கூட்டினாலும் கட்டுப்படியாகிற விலைதான். தரத்தில், வீட்டில் சர்க்யூட் போர்டு வெட்டுகிற என் மெஷின் அதற்குக் கிட்டே நிற்காது.

ஆனால் நான் செய்கிற போர்டுகள் ஒரே தடவையில் முடிகிற ரகம் இல்லை. எங்கள் அபார்ட்மென்ட் சம்ப் மோட்டாருக்கு ஒரு கன்ட்ரோலர் செய்தேன். மேல்தொட்டி நிறைந்தால் மோட்டார் நிற்க வேண்டும், சம்ப் வற்றினால் ஓடக்கூடாது; இவ்வளவுதான் முதலில் பேச்சு. மாட்டியதும் செகரட்டரி வந்து பார்த்துவிட்டு, “தண்ணி தீர்ந்தா ஒரு பஸ்ஸர் அடிச்சா நல்லா இருக்கும் சார்” என்றார். பஸ்ஸர் வைத்தேன். வாட்ச்மேன் அண்ணன், “ராத்திரியில அது கத்துது சார், லைட்டு மட்டும் போதும்” என்றார். லைட் வைத்தேன். அடுத்து, மெட்ரோ வாட்டர் வருகிற நேரத்தில் வேறு மாதிரி ஓட வேண்டும் என்று இரண்டாவது மாடி மாமி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் கூரியருக்குக் காத்திருந்தால் அந்த மோட்டார் இன்னும் கை ஸ்விட்சில்தான் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே சாயங்காலம் கேட்ட மாற்றம் ராத்திரி போர்டாகி, காலையில் பேனலில் ஏறிவிடுகிறது. முதல் வடிவம் நிற்காது என்று முன்கூட்டியே தெரிந்த போர்டுகளுக்கு மட்டும் வீட்டு மெஷினை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி 20 போர்டு வேண்டுமென்றால் சீனாவுக்கே அனுப்புங்கள்.

வேலை என்னவென்று சொன்னால் ரொம்ப எளிமை. செம்புத் தகடு ஒட்டிய பலகை ஒன்று. வேண்டிய டிராக்குகளைச் சுற்றிக் கூரான பிட்டால் மெல்லிய பள்ளம் வெட்டினால், டிராக் தனியாகவும் மிச்சச் செம்பு தனியாகவும் பிரிந்துவிடும். பிறகு துளைகள், கடைசியில் ஓரம். அவ்வளவே.

இதற்கு முன் எல்லாரும் செய்தது அரிக்கிற முறை. வழவழ மேகசின் தாளில் லேசர் பிரிண்ட் எடுத்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, பெரிக் குளோரைடில் முக்கி ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்போம். அந்தப் பழுப்புக் கறை பாத்ரூம் தரையிலிருந்து ஆயுசுக்கும் போகாது. எவர்சில்வர் பாத்திரத்தையும் அரிக்கும், கொட்டினால் செம்பு உப்பு சாக்கடையில் கலக்கும். ஆஸ்திரியாவிலிருந்து லண்டனுக்குப் போய், 1936 வாக்கில் அச்சிட்ட சர்க்யூட்டில் ஒரு ரேடியோ செய்து காட்டிய பால் ஐஸ்லர் அச்சுத் தொழில் தெரிந்தவர். அச்சுக்காரர்களின் அரிப்பு வித்தை எலக்ட்ரானிக்ஸுக்குள் வந்தது அப்படித்தான். வெட்டுகிற முறையும் நேற்றுப் பிறந்ததில்லை. ஜெர்மனியில் எல்பிகேஎஃப் கம்பெனி 1976-இல் தொடங்கியதே இந்த வேலைக்காகத்தான். எம்ஐடியின் நீல் கெர்ஷன்ஃபெல்ட் கிளப்பிவிட்ட ஃபேப் லேப் பட்டறைகளில், ரோலண்டின் மேசை மெஷினில் போர்டு வெட்டுவது ஆரம்பப் பாடம். புனே பக்கம் பாபல் கிராமத்து விஞ்ஞான் ஆசிரமத்தில் 2002-லேயே அப்படி ஒரு லேப் வந்துவிட்டது. ஆனால் இதெல்லாம் நிறுவனங்களின் காசு. நம் மாதிரி ஆட்களின் மேசைக்கு வந்தது 3018 என்ற சின்ன மெஷின் மலிந்த பிறகு.

300-க்கு 180 மி.மீ. வெட்டும் பரப்பு என்பதால் அந்தப் பெயர். அலுமினியச் சட்டம், மூன்று ஸ்டெப்பர் மோட்டார், 775 என்ற டிசி மோட்டாரில் ஸ்பிண்டில், மூளையாக ஆர்டுயினோவில் இருக்கிற அதே அட்மெகா328 சிப். அந்தச் சிப்பின் 32 கிலோபைட்டுக்குள் ஜிஆர்பிஎல் என்கிற இலவச மென்பொருள் உட்கார்ந்து மூன்று அச்சையும் ஓட்டுகிறது. நார்வேயின் சீமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் 2009-இல் ஆரம்பித்து வைத்தது. அது இல்லாவிட்டால் இந்த விலையில் இந்த மெஷின் கிடையாது. கணக்கில் பார்த்தால் மில்லிமீட்டருக்கு 800 ஸ்டெப், அதாவது ஒரு ஸ்டெப்புக்கு 1.25 மைக்ரான். விற்பனைப் பக்கத்தில் இதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். நட்டில் ஆட்டம், சட்டத்தில் வளைவு, கோலெட்டில் கோணல் எல்லாம் போக 0.05 மி.மீ. துல்லியம் கிடைத்தால் அது நல்ல மெஷின்.

கோலெட் கோணலைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவான 3018-இல் பிட்டைக் கவ்வுகிற இஆர்11 கோலெட் பிடிப்பான் மோட்டாரின் 5 மி.மீ. தண்டில் சொருகி, பக்கவாட்டில் சின்ன ஸ்க்ரூ போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அந்த ஸ்க்ரூ ஒரு பக்கமாகத் தள்ளுவதால் பிட்டின் நுனி மையத்தில் சுற்றாமல் ஒரு சின்ன வட்டம் போடும். கண்ணுக்குத் தெரியாது, வெட்டில் தெரியும். அரைகுறைப் பலகைத் துண்டில் ஒரே ஒரு கோடு வெட்டி, லூப் வைத்து அகலத்தைப் பாருங்கள். கணக்கைவிட ரொம்ப அகலமாக இருந்தால் பிடிப்பானைக் கழற்றிக் கொஞ்சம் திருப்பி மறுபடி மாட்டிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் ஆட்டம் குறையும். அங்கே தண்டில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

“கணக்கைவிட” என்றேனே, அந்தக் கணக்கில்தான் முழு விவகாரமும் இருக்கிறது. நாம் உரிக்க வேண்டிய செம்பின் கனம் 35 மைக்ரான், அதாவது 0.035 மி.மீ. பிட் வி வடிவம். ஆழம் கூடினால் அகலமும் கூடும். நுனி 0.1 மி.மீ., கோணம் 30 பாகை என்றால், 0.1 மி.மீ. ஆழத்தில் பள்ளத்தின் அகலம் சுமார் 0.15 மி.மீ. அதே பிட் 0.3 மி.மீ. இறங்கினால் 0.26. பிட் 60 பாகை என்றால் 0.45-ஐத் தொட்டுவிடும். இப்போது சாதாரண டிப் ஐசியின் இரண்டு கால்களை நினைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 2.54 மி.மீ., பேட் ஒவ்வொன்றும் 1.6 மி.மீ. நடுவே மிஞ்சுவது 0.94. அதன் வழியே 0.4 மி.மீ. டிராக் ஒன்று ஓட்டினால் இரு பக்கமும் தலா 0.27 மி.மீ. சந்துதான். 0.1 ஆழத்தில் 30 பாகை பிட் அதில் தாராளமாகப் போய்வரும். 60 பாகை பிட் கொஞ்சம் கூடுதலாக இறங்கினாலே டிராக்கைத் தின்றுவிடும்.

சரி, 0.1 ஆழம் என்று எழுதிவிட்டால் போதாதா? போதாது, ஏனென்றால் பலகை சமமாக இருக்காது. கடையில் வாங்குகிற துண்டு 10 செ.மீ. நீளத்தில் 0.2, 0.3 மி.மீ. வளைந்திருப்பது சாதாரணம். மெஷினின் மேடையும் தன் பங்குக்குக் கோணலாக இருக்கும். ஒரு மூலையில் பிட் காற்றைச் சுற்றும், இன்னொரு மூலையில் பலகைக்குள் புதைந்து நுனி ஒடியும். முதல் முயற்சியிலேயே கைவிட்டு மெஷினைப் பரணில் ஏற்றியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விட்டிருப்பார்கள்.

இதற்கு மருந்து உயர வரைபடம். பார்க்கவே அழகான வேலை. இரண்டு முதலைக் கிளிப் எடுத்து ஒன்றைச் செம்பில், இன்னொன்றைப் பிட்டில் மாட்டுகிறோம். வயர் இரண்டும் கன்ட்ரோலரின் ப்ரோப் பின்னுக்குப் போகின்றன. ஸ்பிண்டில் ஓடக்கூடாது. ஜி38.2 கட்டளை போனதும் பிட் மெதுவாக இறங்கும். செம்பைத் தொட்ட நொடியில் சர்க்யூட் மூடும். மெஷின் நின்று அந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளும். மேலே ஏறும், 10 மி.மீ. தள்ளிப் போகும், மறுபடி இறங்கும். 5-க்கு 6 செ.மீ. போர்டுக்கு இப்படி 42 இடத்தில் தொட்டுப் பார்க்கும். திரையில் எண்கள் வரிசையாக வந்து விழும்: 0.02, 0.05, 0.11, 0.16... தட்டை என்று நினைத்த பலகையில் ஒரு மேடு எழும்பி வரும். கேண்டில், பி-சிஎன்சி மாதிரி மென்பொருள்கள் அந்த மேடுபள்ளத்துக்கு ஏற்ப, மெஷினை ஓட்டும் கட்டளைகளான ஜி-கோடின் ஒவ்வொரு இறக்கத்தையும் திருத்திவிடும். அப்புறம் பிட் செம்பின் முதுகைத் தடவிக்கொண்டே ஏறி இறங்கிப் போகும். கிளிப்பைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலைப் போடுங்கள். மறந்தால் வயர் தண்டில் சுற்றிக்கொள்ளும்.

பலகையை மேடையில் இறுக்க ஓரத்தில் மட்டும் கிளாம்ப் போட்டால் நடுவில் உப்பும். அடியில் எம்டிஎஃப் பலகை, அதன்மேல் இரட்டைப் பக்க டேப்பை முழுப் பரப்புக்கும் ஒட்டி அழுத்துவதே நல்லது. கழற்றும்போது ஹேர் டிரையரால் சூடு காட்டினால் விட்டுவிடும்.

பலகை வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் கடைக்காரர் கேட்பது ஒன்றே: “கிளாஸா, பேப்பரா சார்?” கிளாஸ் என்றால் எஃப்ஆர்4, கண்ணாடி இழையும் எபாக்ஸியும். பேப்பர் என்றால் பினாலிக், பழுப்பு நிறம், விலை கம்மி. “கிளாஸே எடுத்துக்குங்க, ஸ்ட்ராங்கா இருக்கும்” என்பார். அரிக்கிற முறைக்கு அவர் சொல்வது சரி. வெட்டுகிறவர்களுக்கு நான் பேப்பரைத்தான் சொல்வேன். கண்ணாடி இழை பிட் நுனியைச் சீக்கிரம் மழுக்கும். அதைவிட முக்கியம், அதன் தூள். பொடியான கண்ணாடி இழை தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆகாது. ஃபேப் லேப்களில் எஃப்ஆர்1 பேப்பர் பலகையையே வெட்டச் சொல்வது இதனால்தான். கிளாஸ்தான் வேண்டும் என்றால் என்95 மாஸ்க், பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் வாக்யூம் கிளீனர் குழாய், இரண்டும் கட்டாயம். வாயால் ஊதவே ஊதாதீர்கள். உயரம் அளந்து முடித்த பிறகு தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு தடவிவிட்டால் தூள் பறக்காமல் சேறாகப் படியும். படுக்கையறையில், குழந்தைகள் இருக்கும் அறையில் இந்த வேலை வேண்டாம்.

டிசைன் கிகேட் மென்பொருளில். 1992-இல் பிரான்சின் ழான்-பியர் ஷரா தொடங்கியது, பிறகு ஜெனீவாவின் செர்ன் ஆராய்ச்சிக்கூடமும் ஆள் போட்டு வளர்த்தது. அதிலிருந்து ஜெர்பர் கோப்பும் துளைக் கோப்பும் எடுத்து ஃபிளாட்கேமில் கொடுத்தால் ஜி-கோடு வரும். இங்கே ஒரு சூட்சுமம். ஃபிளாட்கேம் நீங்கள் சொல்கிற பிட் அகலத்தை அப்படியே நம்பும். இரண்டு பேடுக்கு நடுவே உள்ள சந்து அந்த அகலத்தைவிடக் குறைவாக இருந்தால், சத்தமே இல்லாமல் அங்கே வெட்டாமல் விட்டுவிடும். பேட் இரண்டும் ஒட்டியே நிற்கும், திரையில் எச்சரிக்கை எதுவும் வராது. அதனால் கிகேடிலேயே குறைந்தபட்ச இடைவெளியை 0.3 மி.மீ. என்று விதித்துவிட்டு வரைய ஆரம்பியுங்கள்.

இந்த மெஷினுக்கு வரைவதே ஒரு தனிப் பழக்கம். துளைக்குள் முலாம் கிடையாது என்பதால் இரண்டு பக்கப் போர்டு தலைவலி. இரு பக்கத்தையும் இணைக்கும் ஒவ்வொரு துளையிலும் (வயா) கம்பி சொருகி இரு பக்கமும் சால்டர் வைக்க வேண்டும். ஒரே பக்கத்தில் முடிக்கப் பார்த்து, கடக்க முடியாத இடத்தில் ஜம்பர் கம்பி போட்டுவிடுவது நல்லது. பழைய டிவி, ரேடியோ போர்டுகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த ஜம்பர் வரிசை புதிதாக இருக்காது. டிராக் 0.5 மி.மீ., கையால் சால்டர் வைக்கும் பேட் 2 மி.மீ. வரை. சர்ஃபேஸ் மவுண்டில் 1.27 மி.மீ. கால் இடைவெளி உள்ள ஐசி சுலபம், 0.8 மி.மீ. கவனமாகச் செய்தால் வரும், 0.5 மி.மீ. என்றால் வீட்டில் முட்டிக்கொள்ள வேண்டாம். செம்புப் பக்கத்தில் ஏதாவது ஒரு எழுத்தையும் டிராக்கோடு சேர்த்து வரைந்துவிடுங்கள். கால் சொருகும் போர்டுகளில் செம்பு கீழே இருக்கும். வெட்டும்போது அதுதான் மேலே இருக்கிறது. கோப்பை மிரர் செய்தாயிற்றா என்பதில் எல்லாருக்கும் ஒரு நேரம் குழப்பம் வரும். வெட்டும் மென்பொருளில் அந்த எழுத்து நேராகப் படிக்க வந்தால் சரி, கண்ணாடியில் தெரிவது போல் இருந்தால் நிறுத்திவிடலாம்.

வெட்டு ஓடும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சரியான ஆழத்தில் ஒரே சீரான இரைச்சல் வரும். செம்பு மிக மெல்லிய துகளாக, மினுமினுப்போடு பள்ளத்தின் ஓரத்தில் சேரும். சத்தம் கனத்தால் பிட் ஆழமாகப் போகிறது. கீச்சென்றால் மழுங்கிவிட்டது, ஓரங்களில் பிசிறு எழும்பும், இரண்டு டிராக்கை ஒட்டவைப்பது அந்தப் பிசிறுதான். நிமிடத்துக்கு 120 மி.மீ. வேகம் என் மெஷினுக்கு ஒத்துவருகிறது. சின்னப் போர்டுக்கு அரை மணி முதல் முக்கால் மணி ஆகும். மோட்டார் சத்தத்துக்கு அம்மா, “இந்நேரத்துக்கு எந்த வீட்டுல மிக்ஸி போடறா?” என்று எழுந்து வந்துவிடுவதால் ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்கிறேன்.

துளைக்குப் பிட் மாற்றினால் இசட் பூஜ்யத்தை மறுபடி தொட்டு எடுக்க வேண்டும். எக்ஸ், ஒய் பூஜ்யத்தைத் தொடவே கூடாது, மேடையோ ஸ்பிண்டிலோ கை பட்டு நகரவும் கூடாது. ஐசி, ரெசிஸ்டர் கால்களுக்கு 0.8, கனெக்டர் பின்னுக்கு 1 மி.மீ. ஓரம் வெட்டும்போது 1.6 மி.மீ. கனத்தையும் ஒரே மூச்சில் இறக்காமல் நாலைந்து தடவையாக இறக்குங்கள். நடுவே சில இடத்தில் சின்னப் பாலம் விட்டால்தான் கடைசி நொடியில் போர்டு பெயர்ந்து பிட்டோடு சுழலாது.

பாதியில் கரன்ட் போனால்? லிமிட் ஸ்விட்ச் இல்லாத மெஷின் தான் எங்கே இருந்தோம் என்பதை மறந்துவிடும், போர்டு குப்பைக்குத்தான். ஸ்விட்ச் இருந்தால் ஹோமிங் செய்து பழைய பூஜ்யத்துக்குத் திரும்பலாம். மூன்று சின்ன ஸ்விட்ச், சொற்ப விலை, மாட்டிவிடுங்கள். வேலை நடுவே யூஎஸ்பி தானாக அறுந்துபோகிறது என்பது இன்னொரு பொதுப் புலம்பல். பிரஷ் மோட்டார் கிளப்பும் மின் இரைச்சல்தான் காரணம். மோட்டாரின் இரு முனைக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் வைத்து, ஃபெரைட் உள்ள நல்ல கேபிளாகப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். லேப்டாப் தூங்கிப்போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

போர்டு வந்ததும் ஸ்டீல் வுல்லால் லேசாகத் தேய்த்துப் பிசிறை எடுத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பள்ளங்களைச் சுத்தம் செய்கிறேன். செம்பு மங்கியிருந்தால் புளி போட்டுத் தேய்க்கலாம், பளிச்சென்று ஆகும். ஆனால் புளிப்பு ஒரு துளி மிஞ்சினாலும் பச்சை பூக்கும் என்பதால் தண்ணீரில் நன்றாக அலசிக் காயவிட வேண்டும். பிறகு மல்டிமீட்டரை பீப்பில் வைத்துப் பக்கத்துப் பக்கத்து டிராக்குகளைத் தொட்டுப் பாருங்கள். கத்தினால் அங்கே கத்தி நுனியால் ஒரு கீறல் போதும். மாஸ்க் இல்லாத போர்டில் ஈயம் கண்ட இடத்துக்கும் ஓடும், அதனால் பிளக்ஸ் தாராளமாக, ஈயம் கொஞ்சமாக.

இனி வருவதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பள்ளம் வெட்டும் முறையில் வேண்டாத செம்பும் போர்டிலேயே நிற்கிறது, டிராக்கிலிருந்து 0.2 மி.மீ. தள்ளி. 5 வோல்ட்டில் அது பாதகமில்லை. 230 வோல்ட் ரிலேக் கால்களுக்குப் பக்கத்தில் அது ஆபத்து. என் மோட்டார் போர்டில் மெயின்ஸ் பகுதியில் டிராக்கைத் தவிர எல்லாச் செம்பையும் உரித்து எடுத்துவிட்டு, மெயின்ஸுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே 6 மி.மீ.க்கு மேல் வெறும் பலகை விட்டிருக்கிறேன். ரிலேயின் அடியில் போர்டையே அறுத்து ஒரு சந்தும் விடலாம். ஃபிளாட்கேமில் செம்பு நீக்க என்றே தனி வசதி உண்டு. நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். மோட்டாரின் முழுக் கரன்ட்டை இந்தப் போர்டு வழியாக விடாதீர்கள். 35 மைக்ரான் செம்பு கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும், மிச்சத்தைக் கான்டாக்டர் பார்த்துக்கொள்ளும். ஈஎஸ்பி32 வைக்கிறவர்களுக்கும் அதே உரிப்பு வேண்டும். அதன் ஆன்டெனா முனைக்கு அடியில் செம்பு இருந்தால் வைஃபை பக்கத்து அறைக்கே எட்டாது. அந்த முனையைப் போர்டின் ஓரத்துக்கு வெளியே நீட்டிவிடுவது எல்லாவற்றையும்விட சுலபம்.

லேசர் தலை மாட்டினால் இன்னும் நுணுக்கமாக வருமே என்று சிலர் கேட்கிறார்கள். நீல டயோடு லேசர் செம்பை வெட்டாது. கருப்புப் பெயின்ட் அடித்து, வேண்டாத இடத்தில் பெயின்ட்டை மட்டும் எரித்து எடுக்கும். கோடு நிஜமாகவே மெலிதாக வருகிறது, நண்பர் ஒருவர் செய்ததை லூப்பில் பார்த்தேன். ஆனால் அதற்கப்புறம் செம்பை நீக்கப் பெரிக் குளோரைடு டப்பாவைத்தான் திறக்க வேண்டும். அவர் வீட்டு பாத்ரூமையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.